புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

அத்தை வீட்டுத் துப்பாக்கியை விற்றால் சின்னமனூரில் ஒரு மாடி வீடு வாங்கலாம் என்று எங்கள் குடும்பம் முழுவதும் நம்பியிருந்தது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது மாமாவின் தகப்பனாருக்குக் கொடுத்துப் போன இரட்டைக் குழல் துப்பாக்கி அது. கல்லூரியில் படிப்பவள் என்பதால் குழலின் மேலிருந்த எழுத்துகளை என்னிடம் காட்டினார்கள். ‘லண்டன்’ என்று வாசித்தேன். அந்த வீட்டுக்கு இன்னொரு மாடியும் எழும்பிவிட்டது.

போன வாரம் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். ஈரப் புளியும் உலோகமும் கலந்த வாடை மூக்கில் ஏறியபோது, நீங்கள் சிரிக்கலாம், என் நினைவுக்கு வந்தது அந்தத் துப்பாக்கிதான்.

எழுபதுகளின் நடுவில் மாமா காலமானார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் துப்பாக்கியை மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தார்கள். அத்தைக்கு மிஞ்சியவை பள்ளிக்கூடம் போகும் மகள் தனலட்சுமியும், மலையடிவாரத்தில் கடலை போடும் ஒரு மானாவாரி நிலமும்தான். எங்கள் பக்கம் அதைக் காடு என்போம். கடலை முற்றும் பருவத்தில் பன்றிகள் இறங்கும். மாமா இருந்தவரை ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அவை மலையேறிவிடும். அவர் இறந்த வருடம் பாதிக் காட்டைப் பன்றிகளே அறுவடை செய்தன.

“மதினி, பன்னியோட ஒங்களால மல்லுக்கட்ட முடியாது. காட்ட எம் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க,” என்றார் மாமாவின் தம்பி. கெட்டவர் அல்லர், அந்தக் காட்டின் மேல் அவருக்கு ஒரு கண், அவ்வளவுதான்.

“துப்பாக்கிய வித்து நாலு பக்கமும் கல்லுச்சுவர் வச்சிர்றேன் தம்பி,” என்றாள் அத்தை.

அத்தை, மாமாவின் தம்பி, நான் மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, குழல்களுக்குள் கண் வைத்துப் பார்த்தார். நகத்தால் சுண்டிவிட்டு ஓசையைக் கேட்டார். வெண்கலப் பானை வாங்கும் பெண்களைத் தவிர, உலோகத்தை அத்தனை கவனமாகச் செவிமடுத்தவரை நான் கண்டதில்லை. கடைசியில் குழலின் மேற்புறத்தைத் தடவினார். முகம் வாடியது.

“யாரும்மா இதத் தேச்சது?”

“நாந்தேன். வருசா வருசம் ஆயுத பூசைக்கு. புளியும் செங்கப்பொடியும் போட்டு வெள்ளி மாதிரி வச்சிருக்கேன்ல?”

“இரும்பயும் எஃகயும் முறுக்கி அடிச்ச கொழலும்மா இது. மேல பாம்புச் சட்டை கணக்கா வரி ஓடியிருக்கும். அந்த வரிக்குத்தான் வெல. நீங்க வரியவே அழிச்சிட்டீங்க.”

அவர் சொன்ன தொகையில் ஒரு பக்கச் சுவர்கூட எழும்பாது. மாமாவின் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் அத்தையைப் பார்க்கத் துணியாமல் கண்ணாடிப் பெட்டியிலிருந்த தோட்டாக்களைப் பார்த்தேன். அத்தையோ சிரித்தாள்.

“ஒங்கண்ணன் அப்பயே சொன்னாக தம்பி, பாத்திரத்தோட சேத்து இதயும் வெளக்காதன்னு.” பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள். “சரி, சுடுமா?”

“அதுல கொறையே இல்ல. கருமருந்துத் தோட்டா மட்டும் போடணும்.”

“அப்ப விக்கல.”

லைசென்ஸ் கேட்டு அவள் போய் நின்ற அலுவலகத்தில், “வீட்ல ஆம்பள யாரும் இல்லையா?” என்றார்களாம்.

“பன்னி ஆம்பள பொம்பள பாத்தா சார் வருது?”

சில மாதங்களில் லைசென்ஸ் வந்தது. முதல் வெடியில் அத்தை வரப்பின் மேல் மல்லாந்து விழுந்தாள். எழுந்து, தோளில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த குழலாலும் சுட்டாள். அந்த வருடம் கடலை முழுதாக வீடு வந்தது. செடி பிடுங்க மாமாவின் தம்பியையே கூப்பிட்டாள். அவருக்கும் ஒரு மூட்டை போனது. எழுதிக் கொடுக்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

அவர் போய்விட்டார். அத்தையும் போய்விட்டாள். அவளுக்குப் பின் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கியைக் கேட்டு எவரும் போகவில்லை. அடிவாரத்தில் இப்போது கடலை இல்லை, எங்கும் தென்னை. மலையில் மோதித் திரும்பும் அந்த வெடியோசை நின்று வெகுகாலமாகிறது. அத்தையின் அந்தக் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு தனலட்சுமி இருக்கிறாள்.