இரண்டரை நிமிடமும் பிள்ளையார் பாட்டும்

களுவாஞ்சிக்குடியில் நடந்த, இசைக்கு அணியாக ஆடும் சியர்லீடிங் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பழக்கியவள் நான். இசை இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் புள்ளி குறைப்பார்கள். மூன்று கிழமையாகக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து பாட்டைச் சரியாக வெட்டினேன். முதலாவது எங்கள் அணி. சவுண்ட்ஸ்காரர் மிசினைப் போட்டதும் முதலில் பிள்ளையார் பாட்டுத்தான் வந்தது. இசை கேட்டதுமே நடுவர் கடிகாரத்தை அமத்தி ஓடவிட்டார். நேரம் தாண்டி, புள்ளி போனது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பிள்ளையார உட்டுப்போட்டு எப்பிடி டீச்சர் மிசின தொடங்குற?" என்று சவுண்ட்ஸ்காரர் என்னையே கேட்டார்.

அடுத்த வருடமும் எங்கள் அணிதான் முதலில். பிள்ளையார் பாட்டையும் நானே சேர்த்து, இரண்டரை நிமிடத்துக்குள் அடக்கி, அதே சவுண்ட்ஸ்காரரிடம் கொடுத்தேன்.

"அது ஒங்கட பிள்ளைகளுக்கு டீச்சர். இது என்ட மிசினுக்கு" என்று மனிசன் முதலில் தன்னுடைய பிள்ளையார் பாட்டையும் போட்டார்.