ஆர்வில் ஸ்டக்கியின் ஐம்பதாவது ஆட்டம்

ஆர்வில் ஸ்டக்கிக்கு எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை தோள் வலிக்கும் என்பது வெர்னாவுக்கு அத்துப்படி. நெப்ராஸ்காவில் ஹோல்சன் ஊர் பேஸ்பால் அணிக்கு அவன் பதினான்கு வருஷம் பந்து வீசினான். அந்தப் பதினான்கு வருஷமும் ஸ்கோர் எழுதியவள் அவள். டென்பி மாதிரி சோப்ளாங்கி அணி வந்தால் அவன் தோள் இரும்பு. மில்ரோக்காரர்கள் மட்டையோடு வண்டியை விட்டு இறங்கினால் போதும், ஊரே பார்க்கும்படி தைலம் தேய்க்க ஆரம்பித்துவிடுவான்.

வீசுகிற நாளிலும் ஒன்பதில் ஐந்து இன்னிங்ஸ்தான். ஆட்டத்தைத் தொடங்கியவன் ஐந்து வீசிவிட்டு, அணி முன்னிலையில் இருக்கும்போது விலகலாம். அந்த முன்னிலை கடைசிவரை நின்றால் வெற்றி அவன் பெயரில் ஏறும். இந்த ஒரு விதியை ஆர்வில் வேதம் மாதிரி படித்து வைத்திருந்தான். ஐந்து முடிந்ததும் கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பான். மீதி நாலும் கிளாரன்ஸ் போஹாச்சின் தலையில் விழும். கிளாரன்ஸ் தீவன ஆலையில் மூட்டை தூக்குகிறவன். மில்ரோவோடு மோத அவனைத்தான் அனுப்புவார்கள். அவன் ஜெயித்தது முப்பது, தோற்றது ஐம்பத்திரண்டு. ஆர்வில் ஜெயித்தது நாற்பத்தொன்று, தோற்றது வெறும் எட்டு. விதைச்சோளம் விற்கப் போகிற வீடுகளில் சோளத்தை எடுத்துக் காட்டுமுன் "ஆயிரத்துக்கு எண்ணூத்தி முப்பத்தேழு" என்று தன் வெற்றி விகிதத்தைத்தான் எடுத்து விடுவான். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

மைதான வாசலில், ஊரின் சிறந்த வெற்றி விகிதங்களை எழுதிய பலகை ஒன்று உண்டு. அதில் ஏற வேண்டுமானால் ஐம்பது ஆட்டங்களிலாவது வெற்றியோ தோல்வியோ ஒருவன் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலிடத்தில், செத்துப்போன ரே டுவோராக், எண்ணூற்று இருபத்தைந்து. ஆர்விலிடம் நாற்பத்தொன்பதுதான் இருந்தது. இன்னும் ஒன்று ஜெயித்தால் எண்ணூற்று நாற்பது, டுவோராக்குக்கும் மேலே. அந்த வருஷத்தோடு விலகப்போவதாகவும் சொல்லிவிட்டான். 1953 ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, காலையில் டென்பி, மாலையில் மில்ரோ. காலை ஆட்டத்தை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அதோடு விட்டானா? பெயிண்டரைப் பிடித்து, பலகையில் டுவோராக்குக்கு மேலே ஒரு வரி காலியாக விடச் சொல்லியிருந்தான். அதைப் பார்த்த வெர்னாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது ஹோல்சன் நாலு, டென்பி மூன்று. ஆர்வில் கோட்டைப் போர்த்திக்கொண்டான். கிளாரன்ஸ் இறங்கி மூன்று இன்னிங்ஸ் காப்பாற்றினான். ஒன்பதாவதில் டென்பிக்காரன் ஒருவன் அடித்த பந்து கிளாரன்ஸின் விரலில் பட்டுத் தெறித்தது, நாலுக்கு நாலு சமம். அதே இன்னிங்ஸின் அடுத்த பாதியில் மட்டை பிடித்த ஹோல்சன் ஒரு ரன் எடுத்து ஜெயித்தது. ஊரே கத்தியது. ஆர்விலின் முகத்தில் ஈயாடவில்லை. நேரே வெர்னாவின் மேஜைக்கு வந்தான்.

"அஞ்சு இன்னிங்ஸ் நான் போட்டேன் வெர்னா. கோட்டை விட்டது அவன். ஜெயிச்சதை எம் பேர்ல போடும்மா."

"சமமானதுமே உன் பேரு போச்சு. விதி தெரியாதா? எனக்கே பாடம் எடுத்தவனாச்சே நீ!"

"கிளாரன்ஸுக்கு ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? வேணா கேட்டுப் பாரு, எனக்கு வேணாம்னுதான் சொல்லுவான்."

"சொல்லுவான். அதனாலதான் கேக்க மாட்டேன்."

அவள் கிளாரன்ஸின் பெயரையே எழுதினாள். பென்சில் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

அப்போது அணி மேனேஜர் கஸ் ரைன்ஹார்ட் மூச்சு வாங்க வந்தார். "ஆர்வில், கிளாரன்ஸுக்கு விரல் வீங்கிப்போச்சு. மில்ரோவுக்கு நீ இறங்கு. ஜெயிச்சா முதலிடம். தோத்தாலும் உனக்கு அம்பது ஆயிடும், எண்ணூத்தி இருபது. எப்படியும் பேரு பலகையில ஏறும்யா!"

"தோத்தா... ரெண்டாவதா?"

"டுவோராக்குக்கு அடுத்து. இதைவிட என்னய்யா வேணும் உனக்கு?"

மில்ரோ வண்டி வந்து நின்றது. ஒவ்வொருவனும் கதவை அடைக்கிற ஆகிருதி. ஆர்வில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மெல்லத் தோளுக்குப் போவதை வெர்னா பார்த்தாள்.

"பிடிச்சுக்கிட்டு இருக்கு கஸ். தூக்கவே முடியல."

"எந்தத் தோளு?" என்று கேட்டாள் வெர்னா.

அவன் தேய்த்துக்கொண்டிருந்தது இடது தோள். வீசுவது வலது கையால். கஸ் அதைப் பார்த்தார், திரும்பி நடந்தார். வெர்னாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

வீங்கிய விரலோடு கிளாரன்ஸே இறங்கினான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றான். அவனுடைய ஐம்பத்து மூன்றாவது தோல்வியை வெர்னா நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினாள்.

ஆர்வில் அதன்பின் இருபத்தாறு வருஷம் விதைச்சோளம் விற்றான், எண்ணூத்தி முப்பத்தேழையும் விடாமல் சொல்லிக்கொண்டு. பலகைக்கு இரண்டு முறை புது வர்ணம் அடித்தார்கள். டுவோராக்குக்கு மேலே இருந்த காலி வரியை எடுக்கும்படி யாரும் சொல்லாததால் பெயிண்டர் அதை அப்படியே விட்டுவிட்டான். ஆர்வில் செத்த மறு கோடையில் வெளியூர் நடுவர் ஒருவர் அதைக் காட்டி வெர்னாவிடம் கேட்டார்.

"மேல யாரோ ஒருத்தர் பேரு அழிஞ்சு போச்சு போலிருக்கே?"

"அழியலைய்யா," என்றாள் வெர்னா. "அந்த ஆளு கடைசிவரைக்கும் இறங்கவே இல்ல."