தேவை: பூஜ்யம்

உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு வருடத்துக்கு எத்தனை மாத்திரை தேவை என்று யார் முடிவு செய்கிறார்கள், தெரியுமா? டாக்டர் என்பீர்கள், மந்திரி என்பீர்கள். ஒரு வெற்றுக் கட்டம்தான் முடிவு செய்கிறது என்றால் நம்புவீர்களா?

அந்தக் கட்டத்தைப் பத்தொன்பது வருடம் காலியாக விட்டவர் ஒரு மருந்தாளுநர் அம்மா. அசட்டையான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துப் பெட்டி வந்து இறங்கினால் சீல் உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு அட்டையாக எண்ணுவார். காலாவதித் தேதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படிப்பார். வீட்டில் கணவர் வாங்கி வரும் பால் பாக்கெட்டுக்கும் இதே மரியாதைதான். மருத்துவமனையில் அவருக்கு வைத்த பெயர் "சி.ஐ.டி. மேடம்".

ஒரு காலை, வார்டு கூட்டும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், வலிப்பு மாத்திரை வந்துச்சா?"

"வரலையே அக்கா. போன மாசமும் கேட்டீங்க."

"போன மாசமா? பதினோரு மாசமா கேக்கறேன். பொண்ணு நேத்து தையல் மெஷின் மேலயே விழுந்துட்டா. ஊசி விரல்ல ஏறிடுச்சு. இன்னொரு தடவை விழுந்தா வேலைக்கு வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்."

"வெளியில வாங்கிக் குடுக்கலையா?"

"வாங்கறேன். ரெண்டு வேளை மாத்திரைய ஒரு வேளையாக்கிக் குடுக்கறேன். என் சம்பளத்துக்கு அவ்வளவுதான் மேடம் வலிப்பு."

மருந்தாளுநருக்குச் சுருக்கென்றது. பதினோரு மாதமாக ஒரு மாத்திரைகூட வரவில்லை என்றால் எவனோ நடுவில் கை வைக்கிறான். அவர் புத்தி உடனே அங்கேதான் போனது.

முதலில் மாட்டியவர் மருத்துவமனையின் ஸ்டோர்காரர்.

"நான் என்ன, வலிப்பு மாத்திரையத் தின்னு ஏப்பமா விட்டேன்?" என்று அவர் பதிவேட்டைத் தூக்கி மேசையில் போட்டார். அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். திருத்தல் இல்லை, அடித்தல் இல்லை. மாத்திரை வரவே இல்லை.

அடுத்து எதிர் மருந்துக்கடை. கடைக்காரர், "வாங்க வாங்க மேடம், உட்காருங்க" என்று நாற்காலியைத் துண்டால் தட்டினார். இவ்வளவு குழைவு எதற்கு? அங்கே வலிப்பு மாத்திரை ஒரு அலமாரித் தட்டு முழுக்க இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் கடைக்கென்று வந்த சரக்கு. அரசு முத்திரை ஒன்றில்கூட இல்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு, மருந்து அனுப்பும் தலைமைக் கிடங்குக்கே போனார். அங்கிருந்த எழுத்தர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு இந்த மாத்திரையோட தேவை பூஜ்யம் மேடம்."

"எவன் சொன்னது?"

"நீங்கதான். இதோ உங்க கையெழுத்து."

விஷயம் இதுதான். வருட முடிவில், கடைசி இரண்டு மாதக் கணக்கோடு ஒரு படிவம் போகும். அதில் ஒரு கட்டம் "வழங்கியவை", இன்னொன்று "வழங்க இயலாதவை". இரண்டையும் கூட்டி ஆறால் பெருக்கினால் அடுத்த வருடத் தேவை. முந்தின வருடம் அந்தக் கடைசி இரண்டு மாதமும் லாரி வராமல் மாத்திரை தீர்ந்திருந்தது. அதனால் வழங்கியது பூஜ்யம். வழங்க இயலாதது?

அந்தக் கட்டம் காலி. ஏன் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் காலை எட்டு மணிக்கு டாக்டர்கள் மேசையில் ஒரு துண்டுக் காகிதம் வைப்பது அவர் வழக்கம்: "இன்று இல்லாதவை." நோயாளிகள் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்ற நல்லெண்ணம். அதைப் பார்த்து டாக்டர்கள் அந்த மருந்துகளைச் சீட்டில் எழுதுவதை நிறுத்தினார்கள். "வெளியே வாங்கிக்கோ" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். சீட்டில் இல்லாத மருந்தை ஜன்னலில் அக்காவைத் தவிர யாரும் கேட்கவில்லை; அவரும் சீட்டில்லாமல் வாயால்தான் கேட்டார். சீட்டோடு வராததை மருந்தாளுநர் எழுதவில்லை. ஊரில் வலிப்பு நோயே ஒழிந்துவிட்டது, காகிதத்தில்! எல்லாரையும் சந்தேகப்பட்டவர் தன் துண்டுக் காகிதத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் மேசை காலியாக இருந்தது.

"மேடம், லிஸ்ட் எங்க?" என்றார் டாக்டர்.

"இனிமே லிஸ்ட் கிடையாது. நோய்க்கு என்ன வேணுமோ எழுதுங்க. இல்லைன்னு நான் எழுதிக்கறேன்."

"வரிசையில நின்னவங்க சும்மா விடுவாங்களா?"

"என்னைத்தானே திட்டுவாங்க? திட்டட்டும்."

திட்டினார்கள். ஒருவர் சீட்டைக் கசக்கி ஜன்னலுக்குள் வீசினார். அம்மா அதை எடுத்து நீவி, "இல்லை" என்று எழுதி, தேதி போட்டுக் கோப்பில் வைத்தார். மூன்று மாதத்தில் வலிப்பு மாத்திரைக்கு மட்டும் இருநூற்றுப் பதினான்கு சீட்டு சேர்ந்தது.

படிவம் அனுப்பும் வாரத்தில் தலைமை மருத்துவர் கூப்பிட்டார்.

"இவ்வளவு 'இல்லை' போனா தரவரிசையில நம்ம பேரு கடைசிக்குப் போயிடும் மேடம். எப்பவும் போல கட்டத்தைக் காலியா விடுங்களேன்."

எப்பவும் போல! மற்ற மருத்துவமனைகளும் இப்படித்தான் முன்வரிசையில் நிற்கின்றனவா? திருடன் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம். திருடனே இல்லாமல் மருந்து காணாமல் போகும்படி ஒரு ஏற்பாடு ஓடுகிறது. அது யாருக்கோ சௌகரியமாக இல்லாமலா இத்தனை வருடம் ஓடும்?

"சரி சார். நிரப்பின படிவத்துல உங்க கையெழுத்தும் வேணும்; போட முடியாதுன்னா அதை எழுதிக் குடுத்துடுங்க."

"என்ன மேடம், மிரட்டறீங்களா?"

"பதிவேட்டுல வைக்கணும் சார்."

தலைமை மருத்துவர் இரண்டு நாள் முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டதில் பாதிதான் வந்தது. அக்காவின் மகள் இப்போது இரண்டு வேளையும் மாத்திரை சாப்பிடுகிறாள், தையல் வேலையிலேயே இருக்கிறாள். "மீதிப் பாதி ஏன் வரலை?" என்று மருந்தாளுநர் தலைமைக் கிடங்குக்கு எழுதியிருக்கிறார். பதில் இல்லை. அந்த மௌனத்தையும் தேதி போட்டு வைத்திருக்கிறார்.

ஆனால் ஓர் அம்மாவின் கோப்பு எத்தனை ஊருக்குக் காணும்? "வெளியே வாங்கிக்கொள்" என்று யாராவது வாயால் சொன்னால் நகராதீர்கள். மருந்தின் பெயரை மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஜன்னலில் "இல்லை" என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். அது அவர்கள் பதிவேட்டிலும் ஏறியதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வரிசையை விட்டு வாருங்கள்.