மகளுக்காக வைத்துக்கொண்ட பொட்டு

அறுபதுகளின் கடைசியில், இண்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அந்த வருடம் புரட்டாசியில் மஞ்சள் காமாலை வந்து என் கணவர் இறந்துபோனார். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பத்து வயதில் ஒரே மகள். கார்த்திகையில், கடலைக்கொடி ஏற்றி வந்த மாட்டு வண்டியின் மேலிருந்து அவள் தவறி விழுந்தாள். பின்மண்டை கல்லில் பட்டது. ரத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் பேச்சு மூச்சில்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் மறுநாள் கண் விழித்தவள், என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்மா பொட்டு வெக்கல? அப்பா எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாதான் செத்துப்போயிட்டாரே கண்ணு என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவள் போல அலறினாள். தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அப்படியே தூங்கிப்போனாள். எழுந்ததும் மறுபடி அதே கேள்வி.

மூளை பலமாக அதிர்ந்திருக்கிறது, அடிபடுவதற்கு முந்தைய சில மாதங்கள் அவள் நினைவில் இல்லை என்றார் டாக்டர். வெளிச்சம், சத்தம், படிப்பு எதுவும் கூடாது, தேற நாளாகும், இப்போதைக்கு அழ வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவரின் அக்கா அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். நாங்கள் வந்து இறங்கியதும் ஜன்னலில் சாக்கைக் கட்டி அறையை இருட்டாக்கினார். பிறகு தன்னுடைய நீலப் புடவையையும் குங்குமத்தையும் கொண்டுவந்தார். நான் பின்வாங்கினேன்.

"வேணாங்க அண்ணி. ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊரா வந்து புள்ளய பாத்துக்கப் போவுது? நில்லு."

என் நெற்றியில் அவரே பொட்டு வைத்துவிட்டார். இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதோம்.

அப்பா சித்தேரி மலையில் ரோடு வேலைக்குப் போயிருக்கிறார் என்று மகளிடம் சொன்னேன். நம்பினாள். சாயங்காலம் மறந்துவிட்டு மறுபடி கேட்பாள். மறுபடி சொல்வேன். உரல் சத்தம் அவளுக்கு ஆகாது. அதனால் கேழ்வரகை அண்ணி வீட்டில் இடித்துக்கொண்டு வந்து களி கிளறி ஊட்டுவேன். கதவைத் திறந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். சட்டி, சீப்பு போன்ற சின்ன வார்த்தைகள்கூட வாயில் வராமல் தவித்தாள்.

கிணற்றடியில் ஒருத்தி, தாலி அறுத்தவளுக்குப் பொட்டு எதற்கு என்று என் காதுபடவே கேட்டாள். நான் தலை குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற அண்ணிதான் பதில் சொன்னார்.

"செத்தது என் தம்பி. இவ பொட்டு வெக்கறதுல எனக்கே இல்லாத வருத்தம் உங்களுக்கு எதுக்குங்க?"

தை கடந்து மாசி வந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்பதும் நின்றுபோனது. பொய்யை நம்பி நிம்மதியாக இருக்கிறாள் என்று நானும் ஆறுதலடைந்தேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே பேசினாள்.

"அப்பாவ கட்டில்ல சுடுகாட்டுக்குத் தூக்கினு போனாங்க இல்லம்மா?"

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"உனக்கு எப்பம்மா ஞாபகம் வந்துச்சு?"

"ரொம்ப நாளாச்சு. சொன்னா நீ அழுவன்னு சொல்லல."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தன் பாவாடை நுனியால் என் நெற்றியை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

"இனிமே எனக்காக வெக்க வேணாம். நான் அழ மாட்டேன்."

அதன் பிறகு பள்ளிக்கூடம் அனுப்பினேன். எழுத்தைப் பார்த்தாலே தலைவலி என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் உச்சி வெயிலில் அவளால் வயலில் நிற்க முடிந்ததில்லை.

அவளைக் காப்பாற்றியதாகச் சொந்தக்காரர்கள் என்னைப் புகழ்வார்கள். எனக்கோ, அந்த இருட்டறையில் தகப்பன் இல்லை என்று தெரிந்துகொண்டு, எனக்காக அழுகையை அடக்கிக்கொண்டு படுத்திருந்த குழந்தையின் முகம்தான் கண் முன்னால் வருகிறது. அந்த நாட்களை எப்படிக் கழித்தாய் என்று அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.