நிரோஜாவின் கொப்பியில் என் கையெழுத்து

கொழும்பின் வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்கு அருகே இருந்த பெர்னடெட் மிஸ்ஸின் வீட்டில், ரயில் வருவதற்குச் சற்று முன்னதாகவே யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கத் தொடங்கும். பிறகு மேசை நடுங்கும், பிறகு தேநீர்க் கோப்பைகள், கடைசியில் மேசையில் ஊன்றியிருந்த எங்கள் முழங்கைகள். உப்புக் காற்றோடு டீசல் புகையும் உள்ளே வரும். மிஸ் தாம் வாசித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி போய் முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பார். பிறகு, விட்ட சொல்லிலிருந்து அதே குரலில் தொடருவார்.

நாங்கள் ஏழு பேர். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில், தமிழ் மொழிமூலம் படித்துக்கொண்டே சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியமும் எடுத்தவர்கள். பாடசாலை நேரம் போதாதென்று சனிக்கிழமைகளில் மிஸ் எங்களைத் தம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த ஆண்டு எங்களுக்குப் பாடமாக இருந்தது நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆங்கில நாடகம். போரில் வென்று திரும்பும் ஒரு தளபதி, தன் வீட்டுக்கு விருந்தினனாக வந்த அரசனை மனைவியின் தூண்டுதலால் கொன்றுவிட்டுத் தானே அரசனாகிறான். அதன் பிறகு அவனுக்கு ஒரு நாள்கூட நிம்மதி இல்லை. கதை அவ்வளவுதான். ஆனால் அந்த ஆங்கிலம் எங்கள் வீட்டில் அப்பா பேசிய ஆங்கிலமும் அல்ல, செய்திகளில் கேட்ட ஆங்கிலமும் அல்ல. ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு சனிக்கிழமை வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் வரும் என்ற பெருமை உண்டு. அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். வீட்டில் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கதைப்பார். அக்கம்பக்கத்தில் விளையாடிப் பழகியதில் சிங்களமும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது.

நிரோஜா எங்கள் வகுப்புக்கு ஆண்டு நடுவில் வந்தவள். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து தாயோடு வந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ‘லொட்ஜில்’ ஓர் அறையில் தங்கியிருந்தாள். தகப்பன் கனடாவில். ‘ஸ்பொன்சர்’ அலுவல் முடிந்ததும் போய்விடுவார்கள் என்று சொன்னார்கள். போவதற்குள் பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும் என்று தாய்தான் பிடிவாதமாக இந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டிருந்தார். நிரோஜாவுக்கு அந்த நாடகத்தில் ஒரு வரியும் விளங்கவில்லை. சிங்களம் அறவே தெரியாது. நாடகப் புத்தகமும் அவளிடம் இல்லை. மிஸ் என்னைப் பார்த்து, வீடு பக்கத்தில்தானே, கதையை நீ அவளுக்குத் தமிழில் எழுதிக் கொடு என்றார்.

நான் எழுதினேன். முதலில் கடமைக்குத்தான். பிறகு அதில் எனக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. நிரோஜாவின் தடித்த மட்டை போட்ட ‘சீ.ஆர். கொப்பியில்’ ஒவ்வொரு காட்சியையும் தொடர்கதை எழுதுகிறவளைப் போல நீட்டி முழக்கி எழுதினேன். அந்த ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதினால் அசிங்கமாகத் தெரிந்தது. ஆகவே பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு ‘தளபதி’, ‘அரசர்’, ‘மனைவி’ என்று மட்டும் எழுதினேன். அரசர் வருகிற நாளும், காவலர்களுக்கு மயக்க மருந்து கலப்பதும், தளபதி கத்தியோடு படியேறுவதும் என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. என் எழுத்து அழகானது. வகுப்புக் கரும்பலகையில் திகதி எழுதும் வேலை எப்போதும் எனக்குத்தான்.

நிரோஜா அதை வாசித்துவிட்டு வகுப்புக்கு வருவாள். அவள் வாய் திறப்பது குறைவு. ஒரு நாள் மிஸ், விருந்து நடக்கும் காட்சியைப் பற்றிக் கேட்டார். தளபதி கொலைசெய்வித்த நண்பன் விருந்து மண்டபத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்திருப்பதாக அவனுக்கு மட்டும் தெரிகிறது. மற்றவர்களுக்கு அது வெறுங் கதிரை. ஏன் அப்படி என்று மிஸ் கேட்க, நாங்கள் வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த விடையை ஒருவர் மாறி ஒருவர் ஒப்பித்தோம். நிரோஜா தமிழில் சொன்னாள்:

“எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு கதிரை இருந்தது மிஸ். அண்ணா காணாமப் போனாப்பிறகு அம்மா அதில ஒருத்தரையும் இருக்க விடேல்லை. வாற ஆக்களுக்கு அது வெறுங் கதிரைதான்.”

மிஸ் புத்தகத்தை மூடினார். அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. பொறாமைதான் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள்.

குண்டுப் பயம் நிறைந்த அந்த நாட்களில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் பொலிஸார் பஸ்ஸை எங்கே மறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. மறித்தால் எல்லோரும் இறங்க வேண்டும். பைகளைத் திறந்து காட்ட வேண்டும். ‘செக்கிங்’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் சோறு, கறி என்பதைப் போலப் புழங்கினோம். அம்மாவுக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று அதைத் திருப்பிச் சொல்லுவார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு மகள். மற்ற ஆக்களப் பத்திக் கேட்டா தெரியாதெண்டு சொல்லு.” பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதைக்காதே என்பது அப்பாவின் பாடம். பயத்தில் வாழ்ந்தவர்களின் பாடங்கள் அவை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்த ஒரு சனிக்கிழமை. மற்ற ஐந்து பேரும் வேறு பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் நிரோஜாவும் திரும்பி வருகையில் பஸ்ஸை மறித்தார்கள். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. பெண் கான்ஸ்டபிள் என்னைச் சிங்களத்தில் ‘நங்கி’, தங்கச்சி, என்று அன்பாகத்தான் அழைத்தார். என் பையைத் திறந்து, நாடகப் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் புரட்டி, ஆங்கிலம் என்று கண்டதும் திருப்பி வைத்தார். அடையாள அட்டைக்குப் பதிலாக நாங்கள் கொண்டுபோகும் பாடசாலைக் கடிதத்தில், நிரோஜாவின் பிறந்த இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவளது பையைத் தரையில் கொட்டினார். கொப்பியை எடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டார்.

அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். வெயிலில் நின்றபடி, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு, நான் அனுபவித்து எழுதிய வசனங்களை அவர் உரக்கச் சொல்லிக்கொண்டு போனார். அரசர் வருகிறார். காவலர்கள் தூங்கிவிட்டார்கள். கத்தி தயார். விரல், வன்னியில் போராளித் தலைவர்களுக்கும் வழங்கிய ஒரு சொல்லில் நின்றது.

“தளபதி யாரு?”

“அது நாடகத்தில வாற ஆள், சேர். நாங்கள் படிக்கிற நாடகம்” என்றாள் நிரோஜா. அவர் அதைப் பாதி விளங்கிக்கொண்டார், நம்பவில்லை. நாடகப் புத்தகம் எங்கே என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த நாடகப் புத்தகம் என் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டி, சிங்களத்தில் நாலு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்த இடத்தில் அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆனால் புத்தகத்தின் ஓரமெல்லாம் என் தமிழ்க் குறிப்புகள் இருந்தன. கொப்பியில் இருந்த அதே கையெழுத்தில். அதை நான் யோசித்தேன் என்பதுதான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது. பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் தெளிவாக யோசித்துத்தான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

இதை எழுதியது யார் என்று அதிகாரி என்னிடம் சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரியாது, அது அவளுடைய கொப்பி என்றேன்.

அவர் ஒரு கடதாசியையும் பேனாவையும் தந்து, இருவரும் ஒரு வரி எழுதுங்கள் என்றார். நான் முதலில் எழுதினேன். எழுத்துகளை இடப்பக்கம் சாய்த்து, ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் போலக் கோணலாக எழுதினேன். நிரோஜா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முறை வந்தபோது அவள் தன் வழமையான எழுத்தில் எழுதினாள். இரண்டும் கொப்பியோடு ஒத்துப் போகவில்லை. அதிகாரி இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் கேட்டபோது அவள், “நான்தான் எழுதினனான்” என்றாள்.

என் கடிதத்தில் கொட்டாஞ்சேனை விலாசம் இருந்தது. அப்பாவின் துறைமுக வேலை இருந்தது. என்னைப் போகச் சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்குப் போய்த் தலையிடி என்று படுத்துக்கொண்டேன். பொழுது சாய்கிற நேரம் நிரோஜாவின் தாய் எங்கள் கதவைத் தட்டினார். பிள்ளையைக் காணவில்லை, ஒன்றாகத்தானே போனீர்கள் என்று கேட்டார். செக்கிங்கில் அவளை நிறுத்தினார்கள், என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் போய் பெர்னடெட் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மிஸ் தம்மிடமிருந்த நாடகப் புத்தகத்தோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். உள்ளே விடவில்லை. மறுநாள் ஞாயிறு, பூசைக்குக்கூடப் போகாமல் மீண்டும் போய், ஒரு பெரிய அதிகாரி வரும்வரை வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். அந்த அதிகாரி அதே நாடகத்தைச் சிங்கள மேடையில் பார்த்தவராம். கொப்பியையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சிரித்தாராம். மத்தியானம் நிரோஜாவை விட்டார்கள். எங்களுக்கெல்லாம் அது நல்ல முடிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமை வகுப்பில் சிலர் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். அவளை அந்த நேரமெல்லாம் நாடகத்தைப் பற்றி அல்ல, காணாமற்போன அண்ணனைப் பற்றித்தான் கேட்டார்கள் என்பது பிறகு மிஸ் மூலம் தெரிந்தது.

பொலிஸார் வந்து பதிவுகளைப் பார்த்துவிட்டுப் போனதும் லொட்ஜ்காரர் பயந்துபோய் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தாயும் மகளும் இரத்மலானைப் பக்கம் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். விடுகைப் பத்திரம் எடுப்பதற்காக நிரோஜா ஒரே ஒரு நாள் பாடசாலைக்கு வந்தாள். படிக்கட்டில் என்னைக் கண்டு நின்றாள். கொப்பியை அவர்கள் திருப்பித் தரவில்லை என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், ஏதோ பாடத்தில் சந்தேகம் கேட்கிறவளைப் போலக் கேட்டாள்:

“உன்ர எழுத்து எவ்வளவு வடிவு. ஏன் அப்பிடி மாத்தி எழுதினனி?”

மணி அடித்தது, வகுப்புக்கு ஓடிவிட்டேன்.

பரீட்சையில் அந்த விருந்துக் காட்சியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நிரோஜா சொன்ன வெறுங் கதிரையை, யாரோ ஓர் அயல்வீட்டுக்காரரின் கதையைப் போல மாற்றி விடையில் எழுதினேன். ஆக உயர்ந்த பெறுபேறான அதிவிசேட சித்தி கிடைத்தது. அப்பா அயலெல்லாம் கேக் கொடுத்தார். மிஸ் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அவரிடமும் நான் சொல்லவில்லை. பிறகு அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய் மகனோடு இருந்து, அங்கேயே இறந்துபோனார். சொல்லியிருக்கலாம். ஆண்டுக்கொரு நத்தார் வாழ்த்தட்டை அனுப்பியபோதாவது இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

நான் இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து அவற்றுக்கும், பிறருடைய வாக்குமூலங்களை மாற்றி எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதியவை எல்லாவற்றின் அடியிலும் கையொப்பம் இடுகிறேன். மிஸ்ஸின் வீடு இருந்த இடத்தில் கடலை மறைத்துக்கொண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. லொட்ஜ் ஒரு கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. எங்கள் பஸ்ஸை மறித்த இடத்தில் மணல் மூட்டைகள் போய் நீண்ட காலம். அங்கே மாலையில் குடும்பங்கள் பிள்ளைகளோடு நின்று இளநீர் குடிக்கின்றன. ‘செக்கிங்’ என்றால் என் மகன் விமான நிலையம் என்றுதான் நினைக்கிறான்.

சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஷாமினி என்று என்னைத் தயக்கமில்லாமல் கூப்பிட்டது நிரோஜா. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்தில் நின்ற மகளிடம், “இந்த அன்ரிதான் எனக்கு முதன்முதல் இங்கிலிஸ் கதை சொல்லித் தந்தவா” என்று என்னை அறிமுகப்படுத்தினாள். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுச் சட்டைகள் பார்க்கப் போனாள்.

சேலைகள் பிரித்துப் போட்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையில் புத்தகம் இருந்ததை, அதன் ஓரக் குறிப்புகளை, நான் யோசித்ததை, பரீட்சையில் எழுதியதைக்கூட. விற்பனைப் பெண் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். நிரோஜா ஒரு சேலையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகம் பையில் இருந்தது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். ஒருவரைப் பிடித்தால் போதும், இரண்டு பேரையும் ஏன் பிடிக்க வேண்டும் என்றுதான் தானும் நினைத்ததாகச் சொன்னாள். பதினைந்து வயதில் யாருக்குத்தான் பயம் இல்லை என்றாள். எனக்கு மூச்சு விடலாம் போல இருந்தது.

பிறகு கையிலிருந்த சேலையை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எழுத்தை மாத்தினதுக்கு நான் கோபிக்கேல்லை. ஆனா, நீ பஸ்ஸில ஏறேக்க ஒருக்காத் திரும்பிப் பார்ப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

மகள் தூரத்திலிருந்து கூப்பிட்டாள். நிரோஜா என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். விலை கேட்கிறீர்களா அன்ரி என்று விற்பனைப் பெண் என்னிடம் கேட்டாள். என்ன கேட்டாள் என்று விளங்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.