வடிசாலை வாசல்களில் எங்கள் அப்பா

நினைவு மலர் என்றால் பிறந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அப்பாவின் கடைசித் தம்பியான எங்கள் சித்தப்பா சொல்லிவிட்டார். அப்படியே ஆகட்டும். அப்பா நெடுந்தீவில், பெரிய குடும்பமொன்றின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அந்தத் தீவின் வெட்டைகளில் சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் திரியும். கிட்டப் போனால் உதைத்துவிடும் என்று பெரியவர்கள் வெருட்டி வளர்த்ததால், ஒரு குதிரையைத் தொட்டுப் பார்க்காமலே அப்பா ஊரைவிட்டு வெளிக்கிட்டார்.

பிறகு ஜேர்மனி. அகதி முகாம், உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, மொழி விளங்காத குளிர்காலங்கள். அங்கேயே வாகனம் திருத்தப் பழகி, எங்களையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து, செவன் கிங்ஸில் ஒரு சின்னக் கராஜ் போட்டார். தம்பி தங்கைகளை ஒருவர் பின் ஒருவராகக் கரை சேர்த்தார். அப்பா கோபப்பட்டு யாரும் கண்டதில்லை என்று எழுதினால் அது பொய். பிரேக் தேய்ந்த பின்பும் வாகனத்தை ஓடிக்கொண்டு வருபவர்கள் அவரிடம் வாங்கிய ஏச்சை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கேம்பர் வானை வாங்கி, தானே திருத்தி, அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். இனிப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்த நானும் தம்பியும் வாயைப் பிளந்தோம். முதலில் போனது நியூமார்க்கெட். அங்குள்ள குதிரைப் பண்ணைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். ஒரு தாய்க் குதிரையின் கழுத்தை அப்பா அன்றுதான் முதன்முதலாகத் தடவினாராம். “என்ன மோனை, சாப்பிட்டனியோ?” என்று தமிழிலேயே விசாரித்தாராம். அந்தக் குதிரைக்குக் குளிருக்குப் போர்வை போட்டிருந்த அதிசயத்தை வீட்டுக்கு வந்து கிழமைக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் வான் ஸ்கொட்லாந்துக்கு ஏறியது. அங்கே ஊருக்கு ஊர் விஸ்கி வடிசாலைகள். சுற்றிக் காட்டி முடிந்ததும் சின்னக் கிளாசில் ஊற்றித் தருவார்கள். அதன் பின்னர் ஒவ்வொரு கோடையும் பண்ணைகளும் வடிசாலைகளுமாகப் போனது. திரும்பி வரும்போது வானில் போத்தல்களும் வந்தன. மாமாமார் விடுவார்களா? வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டும் தொடாத மனிதர் வயது போன பின் தண்ணியில் இறங்கிவிட்டார் என்று ஈஸ்ட் ஹாம் கடைகள்வரை கதை போனது. கோவிலில் முகத்துக்கு நேரேயும் கேட்டார்கள். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இந்த வசந்தத்தில் அப்பாவின் நெஞ்சு வருத்தம் கூடியது. அதிக நாள் படுக்கையில் கிடந்து வருந்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி வீட்டிலேயே கண்ணை மூடினார்.

இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டவற்றை எல்லாம் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று படைப்பது எங்கள் வழக்கம். சித்தப்பா ஆசையோடு ஒரு நல்ல விஸ்கிப் போத்தலைக் கொண்டுவந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால், இறால் பொரியலுக்குப் பக்கத்தில் வைத்து, மூடியையும் திறந்துவிட்டார். குசினியில் இருந்து வந்த அம்மா அதைக் கண்டார். கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் போத்தலை எடுத்து மூடினார்.

“இது அவருக்கில்லை, தம்பி. அவர் ஒருநாளும் வாயிலை வைக்கேல்லை. குடிச்சது நான்.”

பிறகு அம்மாவே எல்லாவற்றையும் சொன்னார். முதல் வடிசாலையில் ஊற்றித் தந்ததை வேண்டாம் என்றால் தந்தவர்கள் மனம் நோவார்கள் என்று, விருந்துக்குப் போன வீட்டில் செய்வதுபோல மிச்சம் விடாமல் குடித்தாராம். வாகனம் ஓட வேண்டியதால் அப்பா தொடாத கிளாசையும் வீணாக்க மனமில்லாமல் குடித்தாராம். கருவாடு சுட்ட மணம் அடித்ததாம். பிடித்துப் போய்விட்டது. கதை பரவியபோது உண்மையைச் சொல்லப் புறப்பட்ட அம்மாவை அப்பாதான் மறித்திருக்கிறார்.

“என்னைப் பற்றிக் கதைச்சால் சிரிச்சுப்போட்டுப் போவன், உம்மைப் பற்றிக் கதைச்சால் எனக்குத் தாங்கேலாது எண்டவர்,” என்றார் அம்மா. “இனி அந்தப் பேர் அவருக்கு வேண்டாம். புத்தகத்திலையும் எழுது, பிள்ளை.”

எழுதிவிட்டேன், அம்மா. அன்று அழுததைப்போல நான் செத்தவீட்டில்கூட அழவில்லை. இப்படி ஒருவரோடு வாழக் கிடைத்தது அம்மாவின் கொடுப்பினை. அவருக்குப் பிள்ளைகளாகப் பிறந்தது எங்களுடையது. போத்தல் இருந்த இடத்தில் அம்மா, அப்பா வழக்கமாகக் குடிக்கும் பால் விடாத பிளேன்ரீ ஒரு கோப்பை வைத்தார்.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், கிங்ஸ்பரியில் இருந்து நாள்தோறும் வந்து துணையிருந்த மாமிக்கும், கதை கட்டிய மாமாமாருக்கும்கூட எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி நன்றி சித்தப்பாவுக்கு. பின்னேரத்தில் ஒரு கிளாஸ் இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது என்பது நீங்கள் எல்லோரும் அறிந்ததே. போன கிழமை அவர் வீட்டுக்கு வந்து, வருகிற கோடையில் வானைத் தான் ஓடுவதாகவும், அம்மா பழையபடி எல்லா இடமும் போய்வர வேண்டும் என்றும் சொன்னார்.

“ஓடுறவர் ஒரு வாயும் வைக்கக்கூடாது, தம்பி. ஏலுமோ?” என்று அம்மா கேட்டார்.

சித்தப்பா அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்தார்.

“ஏலும், அண்ணி,” என்றார்.