என் மகளுக்கு யார் ஜாடை?

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஓர் அக்கா இன்று சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் என் புடவைக் கடைக்கு வந்தார். பன்னிரண்டு புடவைகளைப் பிரித்துப் போட்ட பிறகு அவர் கண் என் மகள்மீது விழுந்தது.

நான்கு வயது. இந்தோனேசியாவிலிருந்து தத்தெடுத்து வந்து மூன்று மாதம் ஆகிறது. பகலெல்லாம் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரத்தை வேடிக்கை பார்ப்பாள். இன்று காலைவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"உங்க ஜாடையே இல்லையே லா, தம்பி. பெத்த பிள்ளை மாதிரி ஒட்டுமா?"

"புடவையப் பாருங்கக்கா."

"பார்த்தாச்சு, எதுவும் பிடிக்கல. சொந்தத்துலயே ஒரு பிள்ளைய எடுத்திருக்கலாம்ல? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வாங்கமாட்டார் என்று தெரிந்துவிட்டால் நான் கடை ஆட்களிடம், "உள்ள வை" என்பேன். இன்று நான் அதைச் சொல்வதற்குள், மகள் இறங்கிப் போய், அக்காவின் மடியிலிருந்த பட்டுப்புடவையை உருவிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, உள்ள வை!"

"ஒட்டிருச்சுக்கா," என்றேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜாடை தேடி வருகிறவர்கள் தாராளமாக வரலாம். முகத்தில் தேடாதீர்கள். பன்னிரண்டு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள், தெரியும். அடுத்து யார் வருகிறீர்கள்?